லாராவின் கையில் இருந்த தாள்

'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' தொடரை மகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1974-ல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி 1983 வரை ஓடிய தொடர். லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயதை வைத்து எழுதிய புத்தகங்கள்தான் மூலம். 1870-களில் மினசோட்டா மாநிலத்து வால்நட் குரோவ் என்ற சிற்றூர், அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு விவசாயக் குடும்பம், ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே கட்டடம்தான் தேவாலயம். குடும்பத்தோடு பார்க்கிற பழைய தொடர், அமைதியாகப் போகும், மகளுக்கும் பிடிக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது நாளே அவள் ஒரு கேள்வி கேட்டு என்னை நிறுத்திவிட்டாள்.

தொடர் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒளிபரப்பான 'கன்ட்ரி கேர்ள்ஸ்' என்ற பாகம் அது. லாராவும் அக்கா மேரியும் முதல்முறையாக அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள். மேரிக்குப் படிப்பு எளிதாக வருகிறது, லாராவுக்கு வாசிக்கவே திணறல். கடைக்கார ஓல்சன் வீட்டுப் பெண் நெல்லி இவர்களைப் பார்த்ததுமே பட்டிக்காட்டுப் பெண்கள் என்று இளக்காரம் செய்கிறாள். பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் பிள்ளைகள் தாங்கள் எழுதிய கட்டுரையை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். லாரா ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், தன் அம்மாவைப் பற்றி வாசிக்கிறாள். அவ்வளவு அழகாக இருக்கிறது, கீழே உட்கார்ந்திருக்கும் கரோலைனின் முகம் மாறுவதைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும். அப்புறம்தான் தெரிகிறது, அவள் சொன்னதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. எழுதத் தெரியாத குழந்தை, தாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டது.

"அப்ப லாரா பொய் சொன்னாளா இல்லையா?" என்றாள் மகள்.

நான் உடனே "இல்லை" என்றேன். அடுத்த நொடியே அந்த "இல்லை" எனக்கே சரியாகப்படவில்லை. எழுதாததை எழுதியதுபோல் காட்டியிருக்கிறாள். வேறு எந்தப் பிள்ளை அதைச் செய்திருந்தாலும் ஏமாற்று வேலை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறையில் அன்று வாசிக்கப்பட்டதிலேயே முழுசும் உண்மையானது அவள் சொன்னதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று ஒன்பது வயதுக் குழந்தைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த பாகங்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இந்தத் தொடரில் பிள்ளைகள் எத்தனை முறை பொய் சொல்கிறார்கள், மறைக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று கவனித்தால் வியப்பாக இருக்கிறது. உபதேசம் செய்கிற தொடர் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. உபதேசம் இருக்கத்தான் செய்கிறது, பாதிரியார் ஆல்டன் இருக்கிறார், பிரார்த்தனை இருக்கிறது, அப்பா சார்ல்ஸ் சரியான நேரத்துக்கு வந்து சரியான வார்த்தையைச் சொல்லிவிடுவார். எனக்கு முக்கியமாகப் படுவது அது இல்லை. ஒரு பொய் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர் எனக்குத் தெரிந்து குறைவு. மைக்கேல் லாண்டன் அப்பாவாக நடித்ததோடு தயாரிப்பையும் பார்த்துக்கொண்டார், பல பாகங்களை அவரே இயக்கினார். பிள்ளைகள் முகத்தின் மேல் கேமராவை நிறுத்திவைக்க அவர் அவசரப்படவில்லை.

1977-ல் வந்த 'தி மியூசிக் பாக்ஸ்' பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லி வீட்டில் இருக்கும் இசைப்பெட்டி லாராவுக்கு அவ்வளவு பிடித்துப்போகிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். அது உடைந்தும் போகிறது. இதுவரைக்கும் சாதாரணக் கதைதான், எந்த வீட்டிலும் நடக்கும். இதற்கு மேல்தான் கதை கனக்கத் தொடங்குகிறது. விஷயம் நெல்லிக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு விலை கேட்கிறாள். அன்றிலிருந்து லாரா அவள் சொன்னபடி ஆட வேண்டும். திக்கிப் பேசும் அன்னா என்ற பெண் லாராவின் புதுத் தோழி. அவளைக் கேலி செய்கிற கூட்டத்தோடு லாராவும் நிற்க வேண்டியதாகிறது. திருடியது ஒரு பெட்டி. அதை மறைக்கப்போய் அவள் கொடுக்க வேண்டியிருந்தது, தன்னை நம்பி வந்த ஒரு பெண்ணை. என் மகள் அந்த இடத்தில் "சொல்லிடு, சொல்லிடு" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். நானும் மனதுக்குள் கத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் லாரா ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அடிக்குப் பயந்து இல்லை. சார்ல்ஸின் முகத்தில் தன்னைப் பற்றி இருக்கும் அந்த வெளிச்சம் அணைந்துபோகும் என்ற பயம்.

'பன்னி' என்று ஒரு பாகம், 1976. பன்னி என்பது குதிரையின் பெயர். நெல்லி அதன் மேலிருந்து விழுகிறாள், கால் விளங்கவில்லை என்று நடிக்கிறாள், லாரா குற்ற உணர்ச்சியில் அவளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள், நடிப்பு என்று தெரிந்ததும் சக்கர நாற்காலியை மலைச் சரிவில் தள்ளிவிடுகிறாள். தொடர் பார்த்தவர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும் காட்சி. மகள் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னாள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது 'தி சீட்டர்ஸ்' பற்றித்தான். 1978 நவம்பரில், ஐந்தாவது சீசனில் வந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று பெயரே வைத்துவிட்டார்கள். இங்கல்ஸ் குடும்பத்தின் நண்பர்கள் கார்வி குடும்பம். ஜொனத்தன் கார்வி, மனைவி ஆலிஸ், பையன் ஆண்டி. ஜொனத்தனாக வருபவர் மெர்லின் ஓல்சன், அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பெயர் எடுத்த ஆட்டக்காரர், அவ்வளவு பெரிய உருவத்துக்குள் அப்படி ஒரு மென்மை. அந்தக் கட்டத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர் யார் என்றால் ஆலிஸ்தான். அதாவது ஆண்டிக்குப் பாடம் எடுப்பதும் அம்மா, பரீட்சை வைப்பதும் அம்மா, திருத்துவதும் அம்மா, சாயங்காலம் அதே அம்மாவோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. நெல்லியோ வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நெல்லி வருகிறாள், ஆனால் சொல்லிக்கொடுப்பது பாடத்தை அல்ல, காப்பி அடிக்கும் வித்தையை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து உலுக்கியது ஆண்டி காப்பி அடித்தது அல்ல. மதிப்பெண் ஏறியதும் வீட்டில் வருகிற சந்தோஷம். பிள்ளை தேறிவிட்டான் என்று அம்மா மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சியை ஆண்டி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிற பிள்ளைக்கு அன்றோடு கணக்கு முடிந்தது. மாட்டாமல் பாராட்டு வாங்குகிற பிள்ளைக்கு அன்றுதான் கணக்கு ஆரம்பிக்கிறது, அடுத்த பரீட்சையிலும் அதே மதிப்பெண் வர வேண்டும், இல்லாவிட்டால் போன முறை எப்படி வந்தது என்று கேள்வி வரும்.

இதை நான் யூகித்து எழுதவில்லை. ஏழாம் வகுப்பில் புவியியல் பரீட்சைக்கு மர ஸ்கேலின் பின்பக்கத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக நதிகளின் பெயரையும் தலைநகரங்களின் பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவள் விடைத்தாளைப் பார்ப்பதைவிட இது பத்திரம் என்று ஒரு தோழி சொல்லிக்கொடுத்தாள். எழுதி முடித்ததும் கட்டை விரலை எச்சில் தொட்டு அழித்தேன், பாவாடையில் துடைத்தேன், கரி ஒட்டிக்கொண்டது. வகுப்பில் நான்தான் இரண்டாவது. அம்மா அந்தப் பேப்பரை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் காட்டினாள். என் தம்பியிடம் காட்டி "அக்காவைப் பாரு" என்றாள். ஒவ்வொரு முறை அந்தப் பேப்பர் வெளியே வரும்போதும் நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

வேதனை என்னவென்றால், ஸ்கேலில் இருந்ததில் பாதி எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்தபோதே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் எந்தப் பாதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பார்க்காமல் எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்காவது தெரிந்திருக்கும்.

ஆண்டியைவிட நெல்லியைப் பற்றித்தான் பின்னால் அதிகம் யோசித்தேன். தொடர் பார்க்கும்போது நெல்லியை வெறுப்பது ரொம்பச் சுலபம். அலிசன் ஆர்ன்கிரிம் அப்படி நடித்திருப்பார், அந்தச் சுருள்முடியும் உதட்டைக் கோணுவதும். (லாராவாக நடித்த மெலிஸா கில்பர்ட்டும் அவரும் நிஜத்தில் நெருங்கிய தோழிகள் என்று சொன்னபோது மகள் நம்பவே மறுத்துவிட்டாள்.) ஊரில் நடக்கிற எல்லாப் பொய்க்கும் வேர் நெல்லி என்று காட்டிவிடுவது கதை எழுதுகிறவர்களுக்கு வசதி, இந்தத் தொடரில் எனக்குக் குறையாகப் படுவது அதுதான். லாராவைக் கெடுப்பதும் அவள், ஆண்டியைக் கெடுப்பதும் அவள். நிஜ வகுப்பறையில் அப்படி ஒரே ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது. எனக்கு ஸ்கேல் யோசனை சொன்ன தோழி நல்லவள், நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் நெல்லி எங்கிருந்து வந்தாள் என்பதைத் தொடர் மறைக்கவில்லை, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஓல்சன் கடையின் கல்லாப் பக்கம் பாருங்கள். கரோலைன் முட்டை விற்க வந்தால், நெல்லியின் அம்மா ஹேரியட் பழுப்பு முட்டைக்கு வெள்ளை முட்டையைவிடக் குறைவாகத்தான் விலை போடுவாள். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கணவர் நெல்ஸ் நியாயமான மனிதர், மனைவி இல்லாத நேரம் பார்த்துச் சரிக்கட்டுவார், அவள் முன்னால் பாதி நேரம் வாய் திறக்க மாட்டார். அந்தக் கடைக்கு மேலே வளர்கிற குழந்தை நேர்மையை எங்கே கற்கும்? அம்மா ஏமாற்றுவதைப் பார்க்கிறது, அப்பா அதைத் தெரிந்தும் பேசாமல் நிற்பதையும் பார்க்கிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. இன்னொன்று, தன் மகளைப்போல் ஊரில் கெட்டிக்காரி இல்லை என்று ஹேரியட் எந்நேரமும் பெருமை பேசுகிறவள். அப்படி ஒரு அம்மாவின் முன்னால் நெல்லி தோற்றுப்போய் நிற்க முடியுமா? ஆண்டிக்கு இருந்த அதே பயம்தான் அவளுக்கும் இருந்திருக்கும், அவளுக்கு அது ரொம்ப நாளாகப் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புத்தகங்கள் பக்கம் போனால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1941-ல் வெளிவந்த 'லிட்டில் டவுன் ஆன் தி ப்ரெய்ரி' முடிவில் லாராவுக்கு டீச்சர் வேலை வருகிறது. சான்றிதழ் வாங்கப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும், அவளுக்குப் பதினைந்துதான். பரீட்சை வைக்க வந்தவர் வயதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்கவில்லையே, சொல்லவில்லை, பொய் இல்லை. என் மகளிடம் இதைச் சொன்னால் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், பார்வை போன அக்கா மேரியின் படிப்புக்குப் பணம் வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. நிஜ இங்கல்ஸ் குடும்பம் வால்நட் குரோவை விட்டு அயோவா மாநிலத்து பர் ஓக் என்ற ஊருக்குப் போய்ச் சில காலம் இருந்தது. அங்கே கடன் அடைக்க முடியாமல் 1877-ல் ஓர் இரவில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். லாரா அந்தக் குழந்தைப் புத்தகங்களில் பர் ஓக் காலத்தையே எழுதாமல் தாண்டிவிட்டார். ஆனால் அதற்கு முன்பு அவர் எழுதிவைத்திருந்த சுயசரிதையில் அது இருக்கிறது, 'பயனீர் கேர்ள்' என்ற பெயரில் 2014-ல்தான் அச்சில் வந்தது. தொலைக்காட்சியில் நேர்மையின் உருவமாக நிற்கிற அந்த அப்பா, நிஜத்தில் ஒருநாள் இருட்டில் வண்டி கட்டியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன அந்தப் பத்து வயதுப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன், அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும், பிற்காலத்தில் ஊருக்கு அவள் சொல்ல விரும்பியதும். முதல் கட்டுரையில் தாளில் இல்லாததை வாசித்த லாராவும், வயதான பிறகு தாளில் இருந்ததை விட்டுவிட்டு எழுதிய லாராவும் எனக்கு ஒரே ஆள் மாதிரி தெரிகிறார்கள். முதலாவது தொலைக்காட்சிக்காரர்கள் எழுதிய காட்சி என்று தெரிந்தும் அப்படித்தான் தெரிகிறது. இரண்டு இடத்திலும் அவளுக்கு முன்னால் அவள் நேசித்த ஒருவரின் முகம் இருந்தது.

மகளின் கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக ஏமாற்றுவதில்லை, பக்கத்தில் இருக்கிற ஒரு முகத்துக்காகத்தான் ஏமாற்றுகிறார்கள் என்று. அதற்குள் அவளே முடிவு பண்ணியிருந்தாள். "எழுதுனதா காட்டுனது பொய். அம்மாவைப் பத்திச் சொன்னது நெஜம். ரெண்டும்தான்" என்றாள். குழந்தைகளுக்கு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடிகிறது, நான்தான் ஒன்றைக் கீழே போடப் பார்த்தேன்.

'தி சீட்டர்ஸ்' பார்த்து முடித்த அன்று, எதிர்பார்த்த கேள்வி வந்தது. "அம்மா, நீ காப்பி அடிச்சிருக்கியா?"

ஒரு நிமிஷம் ஆகிவிட்டது எனக்கு. அப்புறம் ஸ்கேல் கதையைச் சொன்னேன். எச்சில் தொட்டு அழித்ததைக்கூட விடவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை, அதிர்ச்சி அடையவும் இல்லை. "பாட்டிகிட்ட சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது போய் எதற்கு என்று சொல்லிப்பார்த்தேன். அவள் நகரவில்லை. அம்மா எடுத்ததும் வழக்கம்போல் "சாப்டாச்சா?" என்றாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அம்மா, "அந்தப் பேப்பர் இன்னும் பீரோவுலதான்டி இருக்கு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வீட்டு விஷயம் பேச ஆரம்பித்தாள்.

ஃபோனை வைத்ததும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மகள் கேட்டாள், "அதுல எத்தனை மார்க் உன்னோடது?"

பாதி இருக்கும் என்றேன். எந்தப் பாதி என்று அவள் கேட்கவில்லை.